அக்காவுக்கு ஜெல் மட்டும், எனக்குப் பேட்ச்சும் காப்ஸ்யூலும்: காப்ஸ்யூலை விட்டுவிடலாமா?

கேள்வி: உறங்காத இரவு

எனக்கு 51 வயது. கடைசியாக மாதவிடாய் வந்து 14 மாதம் ஆகிவிட்டது. அது நின்றதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நின்ற பிறகு வந்ததுதான் ஆளை உருக்கிவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல ஒரு சூடு கிளம்பும், கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும், ஓரிரு நிமிடத்தில் முதுகெல்லாம் வியர்வை. அது அடங்கியதும் குளிரும். பகலில் எப்படியோ சமாளித்தேன். இரவில்தான் முடியவில்லை. 6 முறை, 7 முறை வரும். உடுத்தியிருந்தது நனைந்து, எழுந்து மாற்றி, மறுபடி படுத்து, கண் அசரும்போது அடுத்தது வந்துவிடும். ஒருநாள் அலுவலகத்தில் ஒரே கூட்டல் கணக்கை மூன்று முறை போட்டு மூன்று விடை வந்தது. அன்றைக்குத்தான் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

அவர் நிறையக் கேட்டார். கருப்பை இருக்கிறதா, இடையில் எப்போதாவது ரத்தம் பட்டதா, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தது உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா, கல்லீரலில் ஏதாவது கோளாறா. எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுகிறது, எடையும் கொஞ்சம் அதிகம். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னார், தைராய்டு பார்த்தார். அப்புறம் எழுதித் தந்தது இதுதான்: அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ள 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் ஒரு வகை) பேட்ச், வாரத்துக்கு இரண்டு. கூடவே மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கிய) புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் காப்ஸ்யூல் 100 மில்லிகிராம், தினமும் இரவு படுக்கும் நேரத்தில் ஒன்று.

ஒட்ட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது இரவில் ஒரு முறை எழுந்தால் அதிகம். இத்தனை நாள் தொலைத்த தூக்கம் திரும்பி வந்திருக்கிறது.

என் குழப்பம் வேறு. என் அக்காவுக்கு 54 வயது. நார்க்கட்டி இருந்ததால் ஆறு வருடத்துக்கு முன்பே கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அவளுடைய டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஜெல் மட்டும்தான் கொடுத்திருக்கிறார், தினமும் இரண்டு அழுத்து அழுத்திக் கையில் தடவிக்கொள்கிறாள். “எனக்கு ஒன்று போதும் என்றால் உனக்கு எதற்கு இரண்டு? அந்த ராத்திரி மருந்துதான் காலையில் உனக்குத் தலையைக் கனக்க வைக்கிறது, அதை விட்டுவிடு” என்கிறாள். காலையில் கொஞ்சம் மந்தமாக இருப்பது உண்மைதான். என்னோடு வேலை செய்யும் தோழிக்கு 57 வயது. அவளுக்கோ மாத்திரையும் கிடையாது, பேட்ச்சும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் காலில் ரத்தம் உறைந்ததாம். பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளும் சின்ன மாத்திரை மட்டும் தந்தார்களாம்.

மூவருக்கும் ஒரே தொந்தரவு. ஆனால் மூன்று விதமான மருந்துச் சீட்டு. யாருடைய டாக்டர் சரி? சூடு அடங்குவது பேட்ச்சால்தான் என்றால் காப்ஸ்யூலை மட்டும் நான் நிறுத்திக்கொள்ளலாமா?


பதில்: வெண்பனி

சகோதரி, காப்ஸ்யூலை மட்டும் இல்லை, இரண்டையுமே நிறுத்திவிடுங்கள். பயமுறுத்த எழுதவில்லை, அக்கறையில்தான் சொல்கிறேன். 2002-ல் இந்த ஹார்மோன் மருந்தால் மார்பகப் புற்றுநோய் வருகிறது, மாரடைப்பு வருகிறது என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. என் அம்மா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை அட்டையை நான்தான் என் கையால் குப்பையில் போட்டேன். அம்மா அதற்குப் பிறகு இரவெல்லாம் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். கஷ்டம்தான். ஆனாலும் உயிர் பெரிதல்லவா?


பதில்: ஓய்வில் ஒரு மருத்துவர்

உறங்காத இரவு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள். காப்ஸ்யூலை நிறுத்தாதீர்கள். பேட்ச் ஒட்டியிருக்கும் வரைக்கும் அந்தக் காப்ஸ்யூலும் உள்ளே போக வேண்டும். நீங்களாக ஒன்றை மட்டும் விடுவது, இரண்டையும் விடுவதைவிடக் கெடுதல்.

நான் 30 வருடத்துக்கு மேல் பெண்கள் நல மருத்துவராக இருந்தவள். இந்த ஒரு சீட்டை எழுதும்போது மருத்துவரின் மனசில் என்ன ஓடுகிறது என்று நோயாளிகளுக்குப் போதுமான அளவு நாங்கள் சொல்வதே இல்லை. அதனால்தான் அக்காவின் சீட்டையும் தங்கையின் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரோ தப்புச் செய்ததுபோலத் தெரிகிறது. நீங்கள் சொன்ன மூன்று பேருக்கும் எழுதியது சரிதான்.

சூட்டை அடக்குவது ஈஸ்ட்ரோஜன். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் வெப்பத்தை நடுவில் பிடித்து வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அதன் பொறுமை குறைந்துவிடுகிறது. வெப்பம் துளி ஏறினாலும் உடம்பே கொதிப்பதாக எண்ணிக்கொண்டு ரத்தக்குழாய்களைத் திறந்துவிட்டு வியர்வையை வரவழைக்கும். ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்தால் அது அமைதியாகிவிடும். இந்தச் சூடு வரும் எண்ணிக்கையை நான்கில் மூன்று பங்கு வரை குறைக்கக்கூடிய மருந்து இது. வேறு எதற்கும் இந்த அளவு பலன் கிடையாது.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் மூளையோடு நின்றுவிடாது. கருப்பையின் உட்சுவரையும் அது வளர்க்கும். மாதவிடாய் வந்த காலத்தில் மாதத்தின் பின்பாதியில் உங்கள் உடம்பே புரோஜெஸ்டிரோனைச் சுரந்து அந்த வளர்ச்சியை நிறுத்தியது, அப்புறம் அந்தச் சுவர் உதிர்ந்து வெளியேறியது. இப்போது அந்தச் சுரப்பு இல்லை. பேட்ச் மட்டும் ஒட்டினால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், தடுக்க ஆளில்லை. ஒரு காலத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத்தான் கொடுத்தார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் பல மடங்கு கூடியிருப்பதை 1975-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. அன்று முதல் நாங்கள் பிடித்துக்கொண்ட விதி இது: கருப்பை இருந்தால் இரண்டும், கருப்பை இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் மட்டும். உங்கள் டாக்டர் முதல் கேள்வியாகக் கருப்பை இருக்கிறதா என்று கேட்டது இதற்காகத்தான். அக்காவுக்குக் காக்க வேண்டிய உட்சுவர் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்தக் காப்ஸ்யூல் உங்கள் கருப்பைக்குக் காவல்.

காலை மந்தத்துக்கு வழி இருக்கிறது. இந்தப் புரோஜெஸ்டிரோன் தூக்கம் வரவழைக்கும் குணம் கொண்டது, இரவில் போடச் சொல்வதும் அதனால்தான். பத்து மணிக்குப் போட வேண்டியதைப் பதினொன்றரைக்குப் போட்டால் காலையில் இழுக்கத்தான் செய்யும். படுக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே போட்டுப் பாருங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் காப்பர்-டி போன்ற வடிவில், செம்புக்குப் பதில் ஹார்மோன் உள்ள கருவியைக் கருப்பைக்குள் வைத்து அதே காவலைத் தரலாம், மருந்து அங்கேயே வேலை செய்யும். டாக்டரிடம் கேளுங்கள். மாற்றிக்கொள்ள வழி உண்டு. விட்டுவிடத்தான் வழியில்லை.

அடுத்து, மாத்திரையாகத் தராமல் உங்களுக்கு ஏன் பேட்ச் என்பது. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களின் உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. தோல் வழியாகப் போவது கல்லீரலை முதலில் தொடுவதில்லை, நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை சாப்பிடுபவர்களிடம் ரத்த உறைவு கூடுவதும், வழக்கமான அளவில் பேட்ச்சோ ஜெல்லோ பயன்படுத்துபவர்களிடம் அப்படிக் கூடாததும் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, எடை இருக்கிறது. நானாக இருந்தாலும் பேட்ச்தான் எழுதியிருப்பேன். ஒட்டும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். அடிவயிறு, பிட்டம் இரண்டும் சரி. மார்பில் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

உங்கள் தோழிக்கு ஏற்கெனவே ஒருமுறை ரத்தம் உறைந்திருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மாத்திரை கூடவே கூடாது. பேட்ச் கொடுப்பதாக இருந்தாலும் ரத்தவியல் நிபுணரோடு பேசித்தான் முடிவெடுப்பார்கள். அவருக்குக் கொடுத்த சின்ன மாத்திரை வேறு விஷயம். அதில் இருப்பது பெரும்பாலும் 10 மைக்ரோகிராம்தான். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் வைப்பது வழக்கம். ரத்தத்தில் ஏறுவது மிகமிகக் குறைவு, அதனால் கருப்பை இருந்தாலும் அதோடு புரோஜெஸ்டிரோன் தர வேண்டியதில்லை. வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு அது அருமையான மருந்து. உடம்புச் சூட்டுக்கு அது பயன்படாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஏமாந்து நிறுத்திவிடுவார்.

வெண்பனி, இப்போது உங்களோடு பேசுகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஒரு அட்டையைத்தான் குப்பையில் போட்டீர்கள். நான் அந்த வாரம் எத்தனையோ பேரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன்.

2002 ஜூலையில் வந்தது அமெரிக்காவில் நடந்த பெண்கள் உடல்நல முன்னெடுப்பு என்ற ஆய்வின் முடிவு. 16,608 பெண்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சி-புரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்த ஒரே மாத்திரை. சராசரியாக 5.2 ஆண்டு ஆனதும் பாதியில் நிறுத்தினார்கள். செய்தித்தாளில் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று போட்டார்கள். அந்த 26-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 10,000 பெண்கள் ஒரு வருடம் மருந்து சாப்பிட்டால், 30 பேருக்கு வரும் இடத்தில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். அந்த எட்டுப் பேரும் மனிதர்கள்தான், அதை நான் சின்னதாக்க மாட்டேன். பக்கவாதத்திலும் எட்டு, நுரையீரல் ரத்த உறைவிலும் எட்டு கூடின. இடுப்பு எலும்பு முறிவு ஐந்து குறைந்தது, குடல் புற்றுநோய் ஆறு குறைந்தது. மொத்த மரணத்தில் வித்தியாசம் இல்லை.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள்தான் அதில் அதிகம். உடம்பு கொதித்துத் தூக்கம் கெட்டு என் முன்னால் உட்கார்ந்திருந்த 50, 52 வயதுப் பெண்கள் அந்த ஆய்வில் சிறுபான்மை. பிறகு வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு, பலன் அதிகம். இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் சீட்டை எழுதுவது அந்தக் கணக்கை வைத்துத்தான். 66 வயதில் ஒருவர் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று வந்தால் நானும் தயங்குவேன். இதயத்தைக் காக்கவோ மறதி வராமல் இருக்கவோ இதைக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த வயதிலும் கொடுக்க மாட்டேன், அதற்கான மருந்து இது இல்லை.

அந்த வாரம் நான் நிறுத்தச் சொன்னவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. 52 வயது. உங்கள் அக்காவைப் போலவே கருப்பை எடுத்தவர். ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2002-ல் நிறுத்தப்பட்ட ஆய்வு அவருடைய மருந்தைப் பற்றியதே இல்லை! ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிட்டவர்களின் பகுதி அப்போதும் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. 2004-ல் பக்கவாதம் கூடியதால் அதையும் நிறுத்தினார்கள் என்றாலும், மார்பகப் புற்றுநோய் அந்தப் பெண்களுக்குக் கூடவில்லை, பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது குறைந்தே இருந்தது. நான் அறிக்கையை முழுதாகப் படிக்காமல், பயத்தில், தொலைபேசியில் ஒரு வரியில் நிறுத்தச் சொன்னேன். ஒரு வருடம் கழித்து வந்தார். தூங்காத கண். வகுப்பில் நிற்க முடியவில்லை என்று வேலையை விட்டிருந்தார். “நீங்கள் சொன்னீர்கள் என்று நிறுத்தினேன் டாக்டர்” என்றார், குறையாகக்கூட இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகிறது, அந்தக் குரல் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற பிறகும் இதைப் பற்றி யார் கேட்டாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019-ல் உலகெங்கும் உள்ள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுத்தால், அடுத்த 20 வருடத்தில் 50 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் கூடும் என்று அதில் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு 200 பேருக்கு ஒருவர். உங்களுக்குத் தந்திருக்கும் மைக்ரோனைஸ்டு வகைக்குப் பழைய செயற்கை வகைகளைவிட ஆபத்து குறைவு என்று பிரான்ஸில் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டுகிறது. ஆனாலும் மேமோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த எண்களைக் கேட்டுவிட்டு ஒருவர் வேண்டாம் என்றால் அதுவும் சரியான முடிவுதான். எண்ணைச் சொல்லாமல் பயத்தை மட்டும் சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.


பதில்: மீண்டவள்

டாக்டர் சொன்னதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுகிறேன். எனக்கு 48 வயதில் மார்பகப் புற்றுநோய், ஹார்மோனைப் பிடித்து வளரும் வகை. அறுவை முடிந்து, அது மறுபடி வராமல் தடுக்க டமாக்சிஃபென் என்ற மருந்து சாப்பிடுகிறேன். அந்த மருந்தே உடம்பைக் கொதிக்க வைக்கும், மாதவிடாயும் நின்றுவிட்டது. எனக்குப் பேட்ச்சும் கிடையாது, ஜெல்லும் கிடையாது. அந்தக் கதவு மூடியது என்று தெரிந்த அன்று ரொம்ப அழுதேன்.

ஆனால் வேறு கதவு இருந்தது. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் குறைந்த அளவில் இந்தச் சூட்டையும் குறைக்குமாம். எனக்கு வென்லாஃபாக்சின் 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75 ஆக்கினார்கள். முதல் வாரம் குமட்டல், பிறகு பழகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வந்தது இப்போது நான்கைந்து முறைதான் வருகிறது. முழுதாகப் போகவில்லை, ஆனால் வாழ முடிகிறது.

இதை எழுத முக்கியக் காரணம் வேறு. முதலில் நான் போன ஒரு பொது மருத்துவர் பராக்சிடின் எழுதினார். அதுவும் சூட்டுக்கு நல்ல மருந்துதான். ஆனால் டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுத்துவிடுமாம். மருந்துக்கடைக்காரர்தான் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் மறுபடி கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். அந்த மனிதருக்கு இன்றும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். புற்றுநோய் மருந்து சாப்பிடுபவர்கள் எந்தப் புது டாக்டரிடம் போனாலும் மொத்த மருந்துப் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள்.


பதில்: உறங்காத இரவு

டாக்டர் அம்மா, இரண்டு முறை படித்தேன். ஒரு விஷயத்தைக் கேள்வியில் நான் எழுதவில்லை, இப்போது மறைக்காமல் சொல்கிறேன். போன வாரம் வெளியூர் போனபோது காப்ஸ்யூலை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நான்கு இரவு போடவில்லை. பேட்ச் உடம்பில் ஒட்டியே இருந்தது. ஐந்தாவது நாள் ரத்தம் பட்டது, மாதவிடாயின் கடைசி நாள் மாதிரி, கொஞ்சமாக. மூன்று நாளில் நின்றுவிட்டது. அக்கா சொன்னதைக் கேட்டு விட்டுவிடலாமா என்று யோசித்ததே இந்தப் பயத்தில்தான், காப்ஸ்யூல்தான் ரத்தத்தைக் கிளப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். என் டாக்டர் ஹார்மோன் அளவுக்கு ரத்தப் பரிசோதனையே செய்யவில்லை. அளவு தெரியாமல் எப்படி மருந்து தர முடியும்? இதை எத்தனை வருடம் எடுக்கலாம்? ஐந்து வருடம்தான் என்று எங்கோ படித்தேன்.

மீண்டவள், உங்களுக்கும் நன்றி அக்கா. உங்கள் பதிலை என் தோழிக்கும் அனுப்பினேன், அவளுக்கும் அந்த மருந்து ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறாள்.


பதில்: ஓய்வில் ஒரு மருத்துவர்

சொன்னது ரொம்ப நல்லது அம்மா. ரத்தம் பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த நான்கு இரவுகளாகத்தான் இருக்கும். காவலைத் திடீரென்று எடுத்ததும் உட்சுவர் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை, இப்படி அங்கங்கே கொஞ்சம் படுவதும் சகஜம்.

ஆனாலும் டாக்டரிடம் தேதியோடு சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியும் தொடர்ந்தால், அளவு அதிகமாக இருந்தால், சுத்தமாக நின்று பல மாதம் கழித்துத் திரும்ப வந்தால், ஸ்கேனில் உட்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மருந்து சாப்பிடுகிறோம், அதனால்தான் வருகிறது என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு வருடம் கழித்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதில் கறாராக இருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை பற்றி. 45 வயதைத் தாண்டி, ஒரு வருடம் மாதவிடாய் வராமல், உடம்பு இப்படிக் கொதித்தால் அதுவே போதுமான சான்று. அந்த ஹார்மோன் அளவுகள் நின்றுபோகும் காலத்தில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், ஒரு நாள் எடுத்த எண் மறுநாள் பொய்யாகிவிடும். 45-க்கு முன்பே நின்றால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். 40-க்கு முன்பே நின்றவர்களுக்கு நிலைமையே வேறு. எலும்பும் இதயமும் பல வருடம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜனை இழக்கின்றன. அதனால் தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரைக்கும், அதாவது 50 வயதை ஒட்டி, ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். 2002 செய்தியைக் காட்டி அவர்களைப் பயமுறுத்துவது அநியாயம்.

அளவு சரியா என்று உங்கள் உடம்புதான் சொல்லும். ஒரு சின்ன நோட்டில் இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எண் மட்டும் எழுதி வாருங்கள். 7 இப்போது 1 ஆகிவிட்டது. மூன்று மாதம் கழித்துப் போகும்போது அந்தப் பக்கத்தைக் காட்டினால், இந்த அளவே போதுமா, 25 மைக்ரோகிராமுக்குக் குறைக்கலாமா என்று டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மார்பகத்தில் வலி, கனம் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஈஸ்ட்ரோஜன் அதிகமானால் அது வரும்.

எத்தனை வருடம் என்பதற்கு ஐந்து என்று கோடு போட்ட விதி எதுவும் இல்லை. இந்தச் சூடு சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, சிலருக்குப் பத்தையும் தாண்டும். வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும்: இன்னும் தேவையா, ரத்த அழுத்தம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது புதிதாக நோய் வந்திருக்கிறதா, அளவைக் குறைத்துப் பார்ப்போமா. நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தினாலும் படிப்படியாகக் குறைத்தாலும் சூடு திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பினால் மறுபடி பேசலாம்.

அக்காவுக்கு இரண்டு விஷயம். ஜெல் காயும் வரை, ஒரு ஐந்து நிமிடம், கையை மூடாமல் இருக்கட்டும். தடவிய இடம் குழந்தைகள் மேல் படவே கூடாது, பேரக்குழந்தையைத் தூக்குவதாக இருந்தால் சட்டைக் கை அதை மூடியிருக்க வேண்டும். இரண்டாவது, அறுவை சிகிச்சைத் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பையை எடுத்தோம் என்று சொன்னாலும் சில சமயம் கருப்பை வாயை விட்டுவைப்பார்கள். அப்படி என்றால் உட்சுவரில் கொஞ்சம் அங்கே ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. அறுவைக்குக் காரணம் நார்க்கட்டியோடு எண்டோமெட்ரியோசிஸும் (உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்றாலும் அப்படித்தான், வேறு இடங்களில் அந்தத் திசு இருக்கலாம். அந்த இரண்டு நிலையிலும் அவருக்கும் புரோஜெஸ்டிரோன் தேவைப்படலாம்.


பதில்: வெண்பனி

டாக்டர், அம்மா இப்போது இல்லை. கடைசி வரைக்கும் அந்தத் தூக்கமின்மை அவரை விடவில்லை. உங்கள் பதிலைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எனக்கு 47 ஆகிறது, மாதவிடாய் தள்ளித் தள்ளி வரத் தொடங்கியிருக்கிறது. என் முறை வரும்போது எண்ணைச் சொல்லும் டாக்டரிடம் போவேன். உறங்காத இரவு, நான் நிறுத்தச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


பதில்: உறங்காத இரவு

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ரத்தம் பட்ட தேதியைக் குறித்துக்கொண்டார். காப்ஸ்யூல் விட்டுப்போனதுதான் காரணமாக இருக்கும், மறுபடி பட்டால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே வாருங்கள், ஸ்கேன் பார்ப்போம் என்றார். காப்ஸ்யூலை இப்போது ஒன்பதரைக்கே போட்டுவிடுகிறேன், காலையில் தலை தெளிவாக இருக்கிறது. பயணப் பையிலும் ஒரு அட்டை தனியாக வைத்துவிட்டேன்.

அக்கா நேற்று அலமாரியைக் கலைத்து ஆறு வருடத்துக்கு முந்தைய தாளைத் தேடி எடுத்தாள். இருவருமாக உட்கார்ந்து படித்தோம். கருப்பை எடுக்கப்பட்டது, கருப்பை வாய் விட்டுவைக்கப்பட்டது என்று இருக்கிறது. இத்தனை வருடமும் அவளுக்கே அது தெரியாது. வியாழக்கிழமை அவளுடைய டாக்டரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோகிறாள், நானும் கூடப் போகிறேன்.